மிளகாய் வறுக்கக் கூடாத வீடு

அந்தக் குடிலுக்குச் சாலை கிடையாது. கொல்கத்தாவின் சியால்தாவில் ரயிலேறி, கடைசி ஸ்டேஷனில் இறங்கி, ஷேர் ஆட்டோவில் முழங்கால் இடிபட உட்கார்ந்து படித்துறைக்குப் போய், அங்கிருந்து இன்ஜின் படகு. தண்ணீர் ஏறியிருந்தால்தான் படகு கரையைத் தொடும். இறங்கிவிட்டால் இடுப்பளவு சேறு. சுந்தரவனத்தின் கடைசித் தீவு, அதிலும் கடைசி முனை. அலுவலகத் தோழி ஒருத்தியின் குடும்பத்துக்குச் சொந்தமான மரக்குடில். எதிர்க்கரையில் காடு. நடுவில் ஆறா கடலா என்று சொல்ல முடியாத தண்ணீர்.

நான் ஓரிடத்தில் இருப்புக்கொள்ளாதவள். பவானிபூர் ஃபிளாட்டில் ஞாயிறு மதியங்களில் அறைக்கும் பால்கனிக்குமாக நடந்தே தரையைத் தேய்த்தவள். கல்யாணம் எப்போதோ முறிந்துபோனது. மகன் பெங்களூரில் இருக்கிறான், விசேஷ நாட்களில் கூப்பிடுவான். தனியாக இருப்பது பழகிவிட்டது. கீழே பஸ்ஸும் ஆட்டோவும் பக்கத்து வீட்டு டி.வி.யும் ஓயாமல் பேச, நடுவில் நான் மட்டும் பேசாமல் இருப்பதுதான் அலுத்துவிட்டது. பங்குனி வெயிலில், மூன்று நாள் விடுப்பில் கிளம்பினேன்.

குடிலைப் பார்த்துக்கொண்டு, தங்க வருகிறவர்களுக்குச் சமைத்தும் போடுகிறவளைப் பௌதி என்று கூப்பிட்டேன். அண்ணி என்று அர்த்தம், வங்காளத்தில் முன்பின் தெரியாதவளையும் அப்படி அழைக்கலாம். என்னைவிட இளையவள், என்னைத் தீதி, அதாவது அக்கா, என்றாள். வாராத தலை, எண்ணெய் காணாத சிக்கு, சோப்புப் படாத சேலை. வெந்த சோறு, வெந்த உருளைக்கிழங்கு, வெந்த பரங்கிக்காய், உப்பு. வந்ததிலிருந்து அதுதான். சமைக்கத் தெரியாது போல, பாவம் என்று நினைத்துக்கொண்டேன். வீட்டுக்காரர் தேனெடுக்கப் போயிருக்கிறார் என்று மட்டும் வந்த அன்றே சொல்லியிருந்தாள், மோவாயால் எதிர்க்கரையைக் காட்டி.

எங்கே போனாலும் என் பையில் ஒரு டப்பா உண்டு. கடுகு, வரமிளகாய், பெருங்காயம், ஓர் உருண்டை புளி. மறுநாள் மதியம் அவள் குளத்துக்குப் போன நேரம் அடுப்பை மூட்டினேன். கடுகு வெடித்தது. மிளகாய் கறுத்து நெடி எழும்ப, கண்ணில் நீர் வர இருமினேன். இருமுவதே சந்தோஷமாக இருந்தது. சொந்த வீட்டு இருமல்.

ஈரச் சேலையோடு ஓடிவந்தாள். வாணலியைப் பிடுங்கிக்கொண்டுபோய்ச் சேற்றில் கவிழ்த்தாள். அவள் பேசியதெல்லாம் வங்க மொழியில். எனக்கு நினைவிருப்பது தமிழில்.

“என்ன தீதி பண்ணிட்டீங்க.”

“ரசம் பௌதி. கொஞ்சம் தாளிச்சேன், அவ்வளவுதான்.”

“ஆம்பள காட்டுல இருக்கறப்ப வீட்ல மிளகாய் வறுக்கலாமா? இங்க புகைஞ்சா அங்க அவருக்குக் கண்ணு எரியும். கண்ணைக் கசக்கிட்டு நிக்கறவருக்குப் பின்னால புலி வர்றது எப்படித் தெரியும்?”

அப்போதுதான் புரிந்தது. சீப்பைத் தொடாதது, சோப்பைத் தொடாதது, வறுக்காதது, பொரிக்காதது. நான் அழுக்கு என்றும் கைமணம் இல்லை என்றும் நினைத்ததெல்லாம் அக்கரையில் இருந்த ஒரே ஆளுக்காக.

“தெரியாமத்தானே செஞ்சீங்க” என்றாள் பிறகு. போய் மண்கரைமேல் உட்கார்ந்தாள். பொழுது சாய்ந்தும் எழவில்லை.

எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. புகை ஆற்றைத் தாண்டாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சொல்லிக்கொண்டே நானும் அக்கரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

காலையில் என்னை அழைத்துப் போகப் படகு வந்தது.

“பையைக் குடுங்க தீதி. தண்ணி இறங்கிரும்” என்றார் படகுக்காரர்.

“நான் இன்னும் கொஞ்ச நாள் இருக்கேன்.”

“இங்க என்ன இருக்குன்னு? போன தடவை வந்த பட்டணத்து பாபு ஒருத்தர், முதல் கொசு கடிச்சதுமே படகு எப்பன்னு கேட்டாரு.”

“என்னைக் கொசு கடிக்கல.”

“பாத்தாலே தெரியுது” என்று என் கைத் தடிப்புகளைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போனார். மண்கரையின் ஒரு மூலையில் மட்டும் சிக்னல் கிடைக்கும். அங்கே நின்று அலுவலகத்துக்கு உடம்பு சரியில்லை என்று அனுப்பினேன். அந்த மனிதர் உயிரோடு திரும்புவதைப் பார்க்காமல் பவானிபூருக்குப் போய்க் காபி போட்டுக் குடிக்க என்னால் முடியாது.

நானும் சீப்பை எடுக்கவில்லை. சோப்பைப் பைக்குள் போட்டேன். உப்புச்சோறு தின்றேன். பௌதி இரண்டு நாள் கவனித்துவிட்டுக் கேட்டாள்.

“நீங்க யாருக்காக? உங்க ஆளும் காட்டுக்குப் போயிருக்காரா?”

“உங்க ஆளுக்குத்தான்.”

“அடேயப்பா. ஒருத்தி பத்தியத்துக்கே மனுசன் தெனாவெட்டாத் திரிவாரு. இப்ப ரெண்டு பேர்.” முதல்முறையாகச் சிரித்தாள். பிறகு சாதாரணமாகக் கேட்டாள். “நீங்க இங்க வந்திருக்கீங்களே, உங்களுக்காக வீட்ல யாரு இருக்கா?”

“வீடு பூட்டியிருக்கு.”

இன்னொரு கரண்டி சோறு போட்டாள். வேண்டாம் என்று சொல்லத் தோன்றவில்லை.

நாட்கள் ஏறி இறங்கின, தண்ணீரைப் போலவே. நான் ஊர் ஊராக அலைந்திருக்கிறேன், வேலைக்காகவும் சும்மாவும். நான் போனதால் எந்த வீட்டிலும் எந்தப் பண்டமும் வறுபடாமல் இருந்ததில்லை. இதை நினைத்து அழவில்லை. கரைமேல் உட்கார்ந்து நினைத்துக்கொண்டே இருந்தேன், அவ்வளவுதான்.

ஒரு சாயங்காலம், சதுப்பு மரங்களின் மறைவிலிருந்து படகு வெளிப்பட்டது. பௌதி எழவில்லை. உதடு அசைந்தது. தலைகளை எண்ணுகிறாள். எண்ணி முடித்த பிறகுதான் எழுந்தாள்.

அவர் கடைசியாக இறங்கினார். இடது கண் வீங்கி, முழுதாக மூடியிருந்தது.

பௌதி என் பக்கம் திரும்பவே இல்லை.

“கண்ணுக்கு என்ன?”

“தேனீ. பின்ன, புலியா வந்து கொட்டும்?”

“எப்ப கொட்டிச்சு?” கேட்டது நான். வாய் முந்திக்கொண்டது.

புது ஆளை அவர் ஒற்றைக் கண்ணால் பார்த்தார். விரலை மடக்கி யோசித்தார். “அது வந்து... நாங்க ரெண்டாவது ஓடைக்குள்ள போன அன்னிக்கு...”

“விடுங்க” என்றாள் பௌதி. “தேனீ கொட்டினதுக்கு நாள் நட்சத்திரம் பாத்துக்கிட்டு. வந்துட்டீங்கல்ல.” அவர் கையிலிருந்த டின்னை வாங்கிக்கொண்டு முன்னால் நடந்தாள்.

குடிலுக்குப் பின்னால்தான் அவர்கள் வீடு. விளக்கேற்றும் நேரத்தில் அவள் குரல் உயர்ந்தது. அத்தனை நாளும் அடக்கிவைத்திருந்த வசவெல்லாம் வந்தது. ஏன் தாமதம், யாரைக் கேட்டு இரண்டாவது ஓடைக்குப் போனீங்க, முகத்தைத் துணியால் மூடினால் என்ன குறைந்துபோகும். அப்படித் திட்டு வாங்குகிறவர்மேல் எனக்குப் பொறாமையாக இருந்தது.

காலையில் படகு வந்தபோது அவர்கள் கதவு சாத்தியிருந்தது. தட்ட மனம் வரவில்லை. குடிலைப் பூட்டி, சாவியை ஆணியில் மாட்டிவிட்டு ஏறினேன்.

“வர்றேன்னு வீட்ல சொல்லிட்டீங்களா தீதி?” என்றார் படகுக்காரர். “இத்தனை நாளா காணோமேன்னு தேடிட்டிருப்பாங்க.”

“சொல்லியாச்சு” என்றேன்.

அவர் இன்ஜினை முடுக்கினார்.