திருநீற்றுக் கோட்டில் நின்ற பஸ்

விசயதசமியன்று காலை எட்டு மணிக்குத் தேனியில் பஸ் ஏறினேன். கம்பம் இருபத்தைந்து மைல், கட்டணம் எட்டணா. கம்பத்தில் தம்பியின் பேத்தி வள்ளிக்கு அன்றைக்கு எழுத்துத் தொடக்கம். நான் ஐந்தாம் வகுப்பு படித்தவள் என்று, அவள் விரலைப் பிடித்து எழுதவைக்க என்னைக் கூப்பிட்டிருந்தான். நல்ல நேரம் பதினொன்றரை வரைதான். அதற்குள் போகாவிட்டால், பெண்பிள்ளைக்கு என்ன அவசரம், அடுத்த வருசம் பார்க்கலாம் என்று வீட்டில் தள்ளிவிடுவார்கள் என்றும் எழுதியிருந்தான்.

டிரைவர் மாயாண்டி முந்தின நாள் ஆயுத பூசையில் பஸ்ஸை நன்றாகவே கும்பிட்டிருந்தார். விளக்கு, ஹாரன், மட்கார்டு எல்லாவற்றிலும் மும்மூன்று திருநீற்றுக் கோடு. ஆனால் வண்டிக்கு இழுவை இல்லை. வீரபாண்டி தாண்டியதும் ஒரு மாட்டுவண்டி எங்களை முந்திப் போயிற்று. ஒன்பதரைக்கு, சின்னமனூருக்கு ஒரு மைல் இப்பால், புகைக்குழாய் படார் என்று வெடித்தது. ரேடியேட்டரில் தண்ணீர் கொதித்தது. நின்றுவிட்டோம்.

"ஏலே மாயாண்டி, பூசைக்குப் பூசணிக்காயை உடைச்சியா, இஞ்சினை உடைச்சியா?" என்றார் கூட வந்த ஏலக்காய் வியாபாரி ஒருவர்.

"உங்க வாயைக் கொஞ்சம் பூட்டுங்க மொதலாளி. நெருப்புப் பொறி பிந்தி விழுகுது. நேத்து டிஸ்டிரிபியூட்டரைக் கழட்டித் துடைச்சேன், இன்னைக்குக் காலையில மாட்டினேன். அங்கனதான் கோளாறு."

இஞ்சின் முன்னால் ஓர் உருளை. அதில் மதுரை மெக்கானிக் வெள்ளைப் பெயிண்டில் ஒரு கோடு போட்டிருக்கிறாராம். கைப்பிடியைச் சுற்றி அந்தக் கோட்டைப் பக்கத்திலுள்ள முள்ளுக்கு நேரே நிறுத்தி, பொறியைப் பங்கிடும் டிஸ்டிரிபியூட்டரைத் திருப்பி இறுக்கினால் பொறி சரியான நேரத்தில் விழும். மாயாண்டி அப்படியே செய்தார். வண்டி இருமியது. மறுபடி செய்தார். மறுபடி படார்.

மணி பத்து. மற்றவர்கள் புளிய மர நிழலுக்குப் போனார்கள். எனக்கு உட்கார முடியவில்லை. பக்கத்தில் போய்ப் பார்த்தேன். விளக்கில் மூன்று கோடு, ஹாரனில் மூன்று. உருளையில் நான்கு இருந்தது. சொல்லலாமா, சிரிப்பார்களா என்று வாய்க்குள்ளேயே வைத்திருந்தேன். அவர் மூன்றாம் தடவை திருப்புளியை எடுக்கவும் பொறுக்கவில்லை.

"தம்பி, கோவிச்சுக்கிடாதீக. நீங்க நேர் வைக்கிற கோடு திருநீறு மாதிரி இருக்கு."

"என்ன ஆத்தா சொல்றீக?"

முந்தானையை நனைத்து உருளையை நானே துடைத்தேன். மூன்று கோடு துணியோடு வந்துவிட்டது. ஒன்று மட்டும், மங்கலாக, வராமல் நின்றது.

மாயாண்டி தலையில் கை வைத்தார். "அட முருகா! காலையில மாட்டினதோட மூணு தடவையும் உன் பட்டைக்கா நேர் வச்சேன்!"

"சாமிக்குக் கோடு போட்டு இஞ்சினையே ஏமாத்திப்புட்டியே" என்றார், நிழலிலிருந்து எழுந்து வந்த வியாபாரி.

அந்த மங்கல் கோட்டை முள்ளுக்கு நேர் வைத்து இறுக்கினார்; இந்தத் தடவை ஒரே சுற்றில் இஞ்சின் பிடித்தது. சத்தம் சீராக, தையல் மிசின் மாதிரி. உத்தமபாளையம் தாண்டும்போது அந்த மாட்டுவண்டியைப் பின்னால் விட்டோம்.

பதினொன்று இருபதுக்குக் கம்பம். ஓடிப்போய், கையைக் கழுவக்கூட நிற்காமல் வள்ளியின் விரலைப் பிடித்தேன். தாம்பாளத்து அரிசியில் 'அ' விழுந்தது, ஓரத்தில் என் விரலில் ஒட்டியிருந்த பஸ் உருளையின் கருப்பு மையோடு.

"இன்னொண்ணு எழுதலாமா அப்பத்தா?" என்றாள். அரிசியைக் கலைத்துக் கொடுத்தேன்.

மறுநாள் திரும்புகையில் அதே பஸ்தான். மாயாண்டி முன்னிருக்கையை எனக்கென்று வைத்திருந்தார். ஏறுமுன் உருளையை எட்டிப் பார்த்தேன். ஒரு குங்குமப் பொட்டு. வெள்ளைக் கோடு ஒன்றே ஒன்று.