சிரிக்கிற கோல்கீப்பர்

மகள் பிரித்த பபிள்கம் வாசனையில் இன்று காலையிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. இப்போது இடித்துத் தள்ளிவிட்ட எங்கள் குவைத் ஃபஹாஹீல் கட்டடத்தின் கீழிருந்த பக்காலா என்ற மளிகைக் கடையில், இதே இனிப்பு மாவு படிந்த கால்பந்து கார்டுகள் பபிள்கம்மோடு வரும். அந்த ஊர் அணி தொடங்கிய காலத்து ஆட்டக்காரர்கள், கறுப்பு வெள்ளையில் முறைத்துக்கொண்டு நிற்க, ஏசி இரைச்சலுக்கடியில் நானும் எதிர்வீட்டு ஜெசியும் அவர்களைத் தரையில் பரப்புவதும் கலைப்பதும் மறுபடி பரப்புவதுமாக இருப்போம். பதினொரு பேரில் கோல்கீப்பர் மட்டும் எனக்குக் கிடைக்கவேயில்லை. ஜெசியிடம் இருந்தார்.

"தரமாட்டேன் போ. இவரு ஒருத்தருதான் சிரிக்கிறாரு" என்பாள்.

அப்பாவுக்கு வேலை போய் நாங்கள் ஒரேயடியாக ஊருக்குக் கிளம்பிய அன்று, சொல்லிக்கொள்ளப் போன ஜெசி வீட்டில், அவள் நோட்டுக்குள்ளிருந்து அவரை எடுத்துக் கவுன் பையில் போட்டுக்கொண்டேன். கார் கிளம்பும் நேரத்தில் ஜெசி மூச்சிரைக்கப் படியிறங்கி ஓடிவந்தாள். முகமெல்லாம் அழுகை.

"உனக்குக் குடுக்கலாம்னு கோல்கீப்பரைத் தேடுறேன்டி, எங்கேயும் காணோம்!"

கவுன் பையை இறுக்கிப் பிடித்தபடி, "பரவால்லடி" என்றேன்.