மொஸ்கோவில் விறைத்த விரல்

நான் லேசில் எதையும் நம்புகிற ஆள் இல்லை. மொன்றியலில் வில்லரேப் பக்கம் ஒரு கார்டெரியில், அதாவது பிள்ளைகள் காப்பகத்தில், பதினெட்டு வருடமாகச் சின்னப் பிள்ளைகளைப் பார்க்கிறேன். வாயைத் திற என்று சொல்லி மணந்து பார்த்தே களவாய்ப் பிஸ்கட் தின்றது யார் என்று பிடித்துவிடுவேன். தெருமூலைத் தேப்பனர்க் கடையில் மிச்சக் காசை இரண்டு தரம் எண்ணாமல் வெளியே வரமாட்டேன். அப்படிப்பட்ட என் தலையில் என் கணவர் இருபத்தைந்து வருடம் மிளகாய் அரைத்திருக்கிறார். இதை நினைத்தால் இப்போதும் எனக்கு முதலில் கோபம்தான் வருகிறது. கவலை பிறகுதான்.

அவர் கனடாவுக்கு வந்த கதை எங்கள் வீட்டில் எல்லோருக்கும் பாடம். யாழ்ப்பாணத்தில் ஒரு வருடத்துக்கு மேல் ஒளித்திருந்தார். பிறகு ஏஜென்ட் ஒருவன் அவரை மொஸ்கோவுக்குக் கொண்டுபோய் ஒரு அறையில் நாற்பது நாள் அடைத்து வைத்தான். மூன்று பேருக்கு ஒரு சோடி கையுறை. அந்தப் பனியில்தான் அவருடைய இடது கை மோதிரவிரல் விறைத்துப்போய்க் கோணலாகியது. என்னை இங்கே எடுக்க அவர் விண்ணப்பித்தபோது கொழும்பில் எனக்கு நேர்முகம் வைத்தார்கள். உன் கணவர் கனடாவுக்கு எப்படிப் போனார் என்று அதிகாரி கேட்டார். அந்த விரலின் கதையைச் சொல்லிக்கொண்டே நான் அழுதுவிட்டேன். அவர் மேசையில் இருந்த டிசுப் பெட்டியை என் பக்கம் தள்ளினார். சில வாரத்தில் விசா வந்தது. மொன்றியலுக்கு வந்த முதல் குளிர்காலத்திலிருந்து, அவர் வேலைக்குப் போகுமுன் அந்த விரலுக்கு நல்லெண்ணெய் சூடாக்கிப் பூசிவிடுவது என் பொறுப்பாகியது.

எங்கள் இருபத்தைந்தாவது கலியாண நாளுக்கு மகள் எங்களை எங்கேயாவது அனுப்ப ஆசைப்பட்டாள். கணினியில் மூன்று பயணங்களைத் திறந்து காட்டினாள். ரொறன்ரோவில் கலியாண வீடு என்றாலே முதுகு நோகிறது என்று படுத்துவிடுகிற மனிதர் இவர். டவுன்டவுன் உணவகத்தில் சமைத்துக் களைத்து வந்தவர், மற்ற இரண்டையும் பார்க்காமலே கென்யாவில் விரலை வைத்தார். காட்டுக்குள்ளே கூடாரத்தில் ஐந்து நாள்.

"உங்களுக்கு எப்ப தொடக்கம் சிங்கத்திலை ஆசை?" என்று கேட்டேன்.

"ஏன், ஒருக்கால் பாப்பம்," என்றார். முகத்தை என் பக்கம் திருப்பவில்லை.

முகாம் ஒரு ஆற்றோரத்தில் இருந்தது. கூடாரம் என்றுதான் பெயர். உள்ளே கட்டில், மேசை, குளியலறை எல்லாம் இருந்தன. குரங்கு வரும் என்பதால் வாசல் துணியின் சிப்பை எப்போதும் இழுத்துப் பூட்டவேண்டும். யானை நடக்கிற பாதை என்பதால், ஒரு கூடாரத்திலிருந்து இன்னொன்றுக்குப் போவதற்கும் காவல்காரரைக் கூப்பிடவேண்டும். முதல் நாள் காலைச் சாப்பாட்டில் எனக்கு முட்டைப்பொரியல் உப்புக் கரித்தது. நான் சொல்லி முடிக்கவில்லை, இவர் பரிமாறுகிறவரைப் பார்த்து அந்த ஊர்ப் பாஷையில் ஏதோ சொன்னார். அந்த மனிதர் சிரித்துக்கொண்டு போய், உப்புக் குறைந்த முட்டையோடு திரும்பி வந்தார்.

"என்ன சொன்னனீங்கள்?"

"உப்பைக் குறைக்கச் சொன்னன். வேலையிடத்திலை ஒரு கென்யாப் பெடியன் நிண்டவன். அவனட்டைப் பழகினது."

இருபத்தைந்து வருடத்தில் அந்தப் பெடியனைப் பற்றி ஒரு வார்த்தை நான் கேட்டதில்லை.

பிறகு எனக்கு மிருகங்கள் கண்ணில் படவில்லை. ஜீப்பில் இருந்த எல்லோரும் மரத்துக்கு மேலே சிறுத்தையைப் பார்த்தார்கள், நான் என் புருஷனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வரிக்குதிரைக் கூட்டம் தூசி கிளப்பிக்கொண்டு போன நேரத்தில் நான் மனதுக்குள் கணக்குப் போட்டேன். எங்கள் கலியாணத்துக்கு ஐந்தாறு வருடம் முந்தி இவருக்கு இங்கே யாரும் இருந்து, ஒரு பிள்ளையும் பிறந்திருந்தால், அதற்கு இப்போது முப்பது வயதாவது இருக்கும். எங்கள் வழிகாட்டிக்கும் ஏறக்குறைய முப்பது வயதுதான். அவர் பாவம், சிங்கக்குட்டிகளைக் காட்டி எங்களுக்கு விளங்கப்படுத்திக்கொண்டிருந்தார். நான் அவருடைய முகத்தில் என் புருஷனின் மூக்கைத் தேடிக்கொண்டிருந்தேன். நல்ல காலம், அது அங்கே இல்லை.

மூன்றாம் நாள் மத்தியானம் நான் கண்ணயர்ந்துவிட்டேன் என்று நினைத்து இவர் மெதுவாக எழும்பிப் போனார். நானும் காவல்காரரைக் கூப்பிடாமல் பின்னாலே போனேன். யானை வந்தால் வரட்டும் என்ற துணிச்சல் எங்கிருந்து வந்ததோ தெரியாது. சமையல் கொட்டகைக்குள் இவர் வயதான சமையற்காரர் ஒருவரோடு நின்று சப்பாத்தி உருட்டிக்கொண்டிருந்தார். இரண்டு பேரும் ஓயாமல் கதைத்தார்கள். இவர் வாய்விட்டுச் சிரித்தார். வீட்டில் அப்படிச் சிரித்து நான் எப்போது கேட்டேன் என்று யோசித்தேன், ஞாபகம் வரவில்லை. வேலையிடத்துப் பெடியனிடம் பழகிய பாஷையில் ஒரு மனிதன் இவ்வளவு சிரிக்கமுடியாது. இத்தனை வருடம் யாரோடு வாழ்ந்தேன் என்று எனக்குத் தெரியவேண்டும்.

கூடாரத்துக்குத் திரும்பி வந்தவரைக் கட்டிலில் இருத்தினேன்.

"சொல்லுங்கோ. இஞ்சை உங்களுக்கு ஆர் இருக்கினம்?"

மழுப்பப் பார்த்தார். என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார்.

"ஒருத்தரும் இல்லையப்பா. நான்தான் இருந்தனான். இந்த நாட்டிலை, மொம்பாசாவிலை. பதினாலு மாசம்."

பதினொரு பேரை ஒரு வீட்டில் விட்டுவிட்டு ஏஜென்ட் தலைமறைவாகியிருக்கிறான். இவர் துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு சாப்பாட்டுக் கடையில் கோப்பை கழுவி, சமைக்கப் பழகி, பாஷையும் பழகியிருக்கிறார். விரல் கோணலானது அந்தக் கடையில் கொதி எண்ணெய் ஊற்றுண்டு.

"அப்ப மொஸ்கோ?"

"அந்தப் பக்கமே நான் போகேல்லை. பேந்து வந்த ஏஜென்ட் எழுதித் தந்த கதை அது. இடையிலை ஒரு நாட்டிலை வருசத்துக்கு மேலை இருந்தனான் எண்டால், அங்கையே திருப்பி அனுப்புவாங்கள் எண்டு வெருட்டினவன்."

"அது அவங்களுக்குச் சொல்ல. எனக்கு ஏன் சொன்னனீங்கள்?"

"உம்மையும் கூப்பிட்டுக் கேப்பாங்கள் எண்டு தெரியும். உண்மை தெரிஞ்சிருந்தால் உம்மடை முகம் காட்டிக் குடுத்திருக்கும். நீர் நம்பினபடியால்தான் விசா வந்தது."

"விசா வந்தாப்பிறகு?"

கோணல் விரலை மற்றக் கையால் பொத்திக்கொண்டார்.

"பேந்து சொல்லுவம் எண்டு இருந்தன். நீர் வந்த கையோடை எண்ணெய் பூசத் தொடங்கீட்டீர். எப்பிடிச் சொல்லுறது?"

இன்னொருத்தி இல்லை என்று தெரிந்ததும் மூச்சு வந்தது உண்மைதான். அந்த ஆறுதல் ஐந்து நிமிடம்கூட நிற்கவில்லை. ஒருத்தி இருந்திருந்தால் அவள்மேல் ஆத்திரப்பட்டிருக்கலாம். இவர் என் கண்ணீரை எடுத்து அந்த அதிகாரியின் மேசையில் வைத்து முத்திரை குத்துவித்திருக்கிறார். மிச்ச இரண்டு நாளும் அவர் சொன்ன ஒவ்வொன்றையும் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். மீன் பிடிக்காது என்றது உண்மையா? கலியாணம் பேசியபோது என் படத்தைப் பார்த்த உடனே ஓம் என்றது உண்மையா? அவரோ சுமை இறங்கிய மாதிரி, ஒளிப்பு மறைப்பில்லாமல் சமையல் கொட்டகைக்குப் போய் வந்தார். எனக்கு அதுவும் எரிச்சலாக இருந்தது.

விமானத்தில் ஏறிய பிறகு ஒன்றே ஒன்று கேட்டார்.

"மகளுக்கு மட்டும் சொல்லாதையும்."

மகள் அகதி வழக்குகள் பார்க்கும் ஒரு சட்டத்தரணியிடம் வேலை செய்கிறாள். அந்த வேலைக்குப் போனதற்குக் காரணமே அப்பாவின் மொஸ்கோ கதைதான் என்று சிநேகிதிகளுக்குப் பெருமையாகச் சொல்வாள். சொல்லமாட்டேன் என்று நான் வாக்குக் கொடுக்கவில்லை. யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அடுத்த ஞாயிறு மகள் செயின்ட்-மிஷேலில் இருக்கிற எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்தாள். படங்களைப் பார்த்தாள், சிரித்தாள். கறியை அள்ளிப் போட்டுக்கொண்டு கேட்டாள்.

"அப்பா, ஒருத்தரையும் தெரியாத நாடு. உங்களுக்குப் பயமா இருக்கேல்லையா?"

இவர் தன் சாப்பாட்டுக் கோப்பையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் இருந்தது கெஞ்சல். இருபத்தைந்து வருடத்தில் இவர் என்னிடம் எதற்கும் கெஞ்சியதில்லை.

"அவருக்கென்ன பயம்," என்றேன். "மொஸ்கோவிலை நாப்பது நாள் பனிக்குள்ளை கிடந்த மனிசன்."

கொழும்பில் அதே கதையை ஒரு சொல் தடக்காமல் சொன்னவள் நான். இந்த முறை மகளின் கண்ணைப் பார்க்காமல் சொன்னேன். ஏற்கெனவே நிறைந்திருந்த அவளுடைய கோப்பையில் இன்னும் ஒரு கரண்டி கறி வைத்தேன்.

மகள் சாப்பிடுவதை நிறுத்தினாள். அப்பாவைப் பார்க்கவே இல்லை. என்னைத்தான் பார்த்தாள்.

"அம்மா, நீங்கள் என்னத்தை ஒளிக்கிறீங்கள்?"