உள்ளான் நிற்கும் சேறு

எங்கள் ஊர் ஏரிக்கு மார்கழியில் கேமராவோடு வருகிறவர்கள் எல்லாம் பெரிய பறவைகளைத்தான் தேடுவார்கள். நாரை எங்கே, வாத்து எங்கே என்று கேட்டுவிட்டு, கடைசி மதகடிச் சேற்றில் ஓடித் திரியும் உள்ளான்களைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் போவார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். கைக்குள் அடங்குகிற உடம்பை வைத்துக்கொண்டு, பனி கொட்டும் நாடுகளிலிருந்து அத்தனை தூரம் பறந்து வந்து, நம் ஊர்ச் சேற்றில் புழு பொறுக்குகிறது. இதற்கு மேல் என்ன பெருமை வேண்டும் இவர்களுக்கு?

என் தம்பிக்கு இதெல்லாம் கேலி. அவன் அந்தக் கடைசி மதகின் தண்ணீரை நம்பி நெல் போடுகிறவன். நான் அரியலூரில் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர். கணவர் போன பிறகு தனியாகத்தான் இருக்கிறேன். லீவு நாளில் வீட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டிருக்க முடியாமல் பஸ் ஏறி ஏரிக்குப் போய்விடுவேன். கரையில் என்னைக் கண்டால் தம்பி வேண்டுமென்றே செந்தமிழில் கேட்பான்: “உள்ளான் உள்ளானா அக்கா?” சிரித்துவிடுவேன். அந்த வாரத்தில் நான் சிரித்தது அந்த ஒரு தடவையாகத்தான் இருக்கும்.

பிறகு ஏரியைத் தூர்வாரப் போகிறார்கள் என்று செய்தி வந்தது. பறவைகளுக்காகவே ஆழப்படுத்துகிறார்களாம். ஊரே மகிழ்ந்தது. தண்ணீர் நிறைய நின்றால் பறவை நிறைய வரும் என்பது எங்கள் ஊர்க் கணக்கு. வாத்துக்கு அந்தக் கணக்கு சரி. உள்ளான் நின்று மேய்கிற பறவை. அதன் கால் என் சுண்டுவிரல் நீளம்கூட இருக்காது. ஆழத்தில் அது எங்கே போய் நிற்கும்? அதற்கு வேண்டியது நிறைந்த ஏரி இல்லை, ஏரியின் ஓரம்.

அந்த ஓரம் தம்பியின் மதகுக்கு முன்னால்தான் இருந்தது. அங்கே சேறு மேடிட்டுப் போனதால், ஏரி நன்றாக நிறைந்தால் மட்டுமே அந்த மதகில் தண்ணீர் ஏறும். சேற்றை வெட்டினால் என் தம்பி பிழைப்பான். வெட்டாவிட்டால் உள்ளான் பிழைக்கும். இதைவிட நேராக எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

ஊர்க்கூட்டத்தில் அதிகாரி, யாருக்காவது ஆட்சேபனை உண்டா என்று ஒப்புக்குத்தான் கேட்டார். நான் எழுந்து நின்றேன். அந்த மூலையை மட்டும் விட்டுவிடுங்கள் என்று சொல்லி, ஏன் என்றும் சொன்னேன். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, சரி என்று தலையாட்டினார். கூட்டத்தில் வாய் திறக்காத தம்பி வெளியே வந்ததும் கேட்டான்.

“ஒனக்கு பைப்பத் தொறந்தா தண்ணி வருது அக்கா. எனக்கு?”

“மத்த எடமெல்லாம் தோண்டுறாங்கல்லடா. ஏரி நெறஞ்சா ஒனக்கும் ஏறும்.”

“நெறயலன்னா?”

மழைக்கு நான் எப்படி ஜாமீன் கொடுக்க முடியும்? போயிட்டு வரேன் என்றுகூடச் சொல்லாமல் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

அந்த வருடம் மழை ஏமாற்றிவிட்டது. தோண்டிய பள்ளத்தில்தான் தண்ணீர் கிடந்தது, தம்பியின் மதகில் ஏறவில்லை. அவனாக எதுவும் சொல்லவில்லை. பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்த ஊர்க்காரப் பெண்தான் சொன்னாள்: “ஒங்க தம்பி வயலு பூரா பதராப் போச்சுங்க டீச்சர். பாக்கவே முடியல.”

அன்றைக்கு நான் ஏரிக்குத்தான் போய்க்கொண்டிருந்தேன். உள்ளான்கள் வந்திருந்தன. விட்டுவைத்த மூலை முழுக்க அவைதான். கரையில் என்னைக் கேலி செய்ய யாரும் வரவில்லை. ஆசையில் இரண்டடி முன்னால் வைத்தேன். அத்தனையும் ஒன்றாக எழும்பி அக்கரைக்குப் போய்விட்டன. அவற்றுக்கு நான் யாரோ. கோபம் வந்தது, அழுகையும் வந்தது. இன்னொரு முறை கேட்டாலும் அந்த மூலையை விடச் சொல்லித்தான் எழுந்து நிற்பேன். ஆனால் பக்கத்தில் ஒரு ஆள் இல்லாமல் நிற்பது பொறுக்க முடியாததாக இருந்தது.

எங்கள் பக்கம் கட்டிக்கொடுத்த பெண்ணுக்குப் பொங்கல் சீர் பிறந்த வீட்டிலிருந்து வர வேண்டும். கணவர் இறந்த பிறகு இனி எதற்குச் சீர் என்று உறவில் சிலர் பேசினார்கள். “எங்கக்காவுக்கு நான் குடுக்குறேன், ஒங்களுக்கு என்ன வந்துச்சு?” என்று அவர்கள் வாயை அடைத்தவன் தம்பிதான். வருடம் தவறாமல் கரும்பும் மஞ்சள் கொத்தும் தன் வயல் பச்சரிசியுமாக என் வாசலில் வந்து நிற்பான். காபி குடித்துவிட்டுத்தான் போவான்.

இந்த முறை பொங்கலுக்கு முதல் நாள் போன் அடித்தது. அவன்தான் என்று ஓடிப்போய் எடுத்தேன். பஸ் கண்டக்டர்.

“ஒங்க தம்பி சீர் ஏத்திவுட்டுருக்காருங்க. பஸ் ஸ்டாண்டு வந்து எறக்கிக்குங்க.”

ஆட்டோ பிடித்துப் போய் எடுத்து வந்தேன். கரும்பு, மஞ்சள் கொத்து, பூசணிக்காய், எதிலும் குறை வைக்கவில்லை. அரிசிப் பையை எடுத்தேன். வாய் தைத்து, விலை அச்சடித்த மளிகைக் கடைப் பை. தன் வீட்டுக்கே அரிசி விளையாத வருடத்தில் கடையில் வாங்கி அனுப்பியிருக்கிறான். சமையல்கட்டுத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

காலையில் அந்த அரிசியைத்தான் களைந்து வைத்தேன். பால் பொங்கி வழிந்தது. பொங்கலோ பொங்கல் என்று சொல்ல வேண்டும். அதை ஒற்றை ஆளாக எவ்வளவு சத்தமாகச் சொல்வது என்று தெரியவில்லை. அடுப்பைக் குறைத்துவிட்டேன்.