ஓடைக்கரையில் மஞ்சள் பூ

நீரேற்று நிலையத்தில் முப்பத்தோரு வருடம் தோட்டக்காரராக இருந்தவரை எல்லோரும் கத்திரிக்கோல் என்றுதான் சொல்வார்கள். துக்க வீட்டுக்குப் போனாலும் வாசல் செடியை ஒரு நோட்டம் விட்டுவிட்டுத்தான் உள்ளே நுழைவார்.

நிலையத்தின் சரிவில் மண் கரையாமலிருக்க, மஞ்சள் பூ பூக்கும் படர்கொடியைக் கொண்டுவந்து நட்டவர் அவர்தான். ஒரு கணு மண்ணைத் தொட்டால் போதும், வேர் விட்டுவிடும். அதனால் வெட்டிய தண்டுகளை மோட்டார் அறைக்குப் பின்னால் சிமெண்ட் தரையில் நாலு நாள் காயப்போட்டு, சருகான பிறகே குப்பையில் சேர்ப்பார். அந்த விஷயத்தில் தன்னை யாரும் ஒரு சொல் சொல்ல முடியாது என்று அவருக்குக் கொஞ்சம் கர்வமே உண்டு.

அவர் ஓய்வு பெற்று எட்டு வருடம், மனைவி போய்ச் சேர்ந்து மூன்று வருடம் ஆனபின், வன அலுவலகத்திலிருந்து ஆள் வந்தார். மதிலுக்குப் பின்னால் போகும் ஓடையைப் பிடித்துக்கொண்டு அந்தக் கொடி காட்டுக்குள் இரண்டு மைல் போய்விட்டதாம். புல் பூண்டு எதையும் தலைதூக்க விடவில்லையாம். பிடுங்குகிறவர்களுக்கு முறை சொல்லித்தர அவர் வர வேண்டுமாம். தான் ஒரு துண்டைக்கூட வெளியே விட்டதில்லை என்று கத்திரிக்கோல் சூடாகச் சொன்னார். வந்தவர் சிரித்ததுதான் அவரை அதிகம் உறுத்தியது.

மகளிடம் போய்ப் புலம்பினார். வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தவள் கையை நிறுத்தினாள்.

"அப்பா, நீங்க காயப்போட்டதுல பாதிய அம்மா எடுத்துட்டுப் போயிடுவாங்க. உசுரோட இருக்கறத எப்படி வெயில்ல போட மனசு வருதோன்னு சொல்லிக்கிட்டே ஓடைக்கரையில நட்டுட்டு வருவாங்க. உங்ககிட்ட சொல்லாம இருக்க எனக்கு மிட்டாய் வேற."

குவியல் குறைவதை அவரும் பார்த்ததுண்டு. காய்ந்தால் சுருங்கத்தானே செய்யும் என்று இருந்துவிட்டார்.

மறுநாள் ஓடைக்கரையில் மேல்கொடியை வாரி எடுத்ததும், அடியில் பழைய வேர்க்கட்டைகள் சாண் சாண் இடைவெளியில் வரிசையாக நின்றன. கல்யாணமான புதிதில் அவர் மனைவிக்குச் சொல்லிக்கொடுத்த அதே அளவு.

"நீங்கல்லாம் மேல போங்க. இந்த வரிசைய நானே எடுத்துடறேன்" என்றார் வேலையாட்களிடம்.

ஒரு கணு மிஞ்சாமல் கையாலேயே தோண்டினார். எல்லாவற்றையும் அதே சிமெண்ட் தரையில் பரப்பிவிட்டு வந்தார். நாலாம் நாள் போய்ப் பார்த்தார். ஒரு துண்டுகூடக் குறையவில்லை. அதைப் பார்த்த பிறகுதான் அவருக்கு அழுகை வந்தது.