பக்கம் 147-இல் நான் ஒட்டிய சீட்டு

நான் ஓய்வு பெற்று ஒன்பது வருடம் ஆகிறது. ஆடித்தபசுத் திருவிழாவுக்கு மூன்று நாள் இருக்கும்போது, வேலை பார்த்த நூலகத்திலிருந்து போன் வந்தது. இப்போதைய நூலகர் செல்வி பேசினாள்.

"சார், உங்க காலத்துப் புஸ்தகம் ஒண்ணைக் கேட்டு ஒரு அக்கா வந்திருக்காங்க. கொஞ்சம் வந்துட்டுப் போறீங்களா?"

வீட்டிலிருந்து நூலகம் 612 எட்டு நடை. போகும்போதே கணக்குப் போட்டேன். என் காலத்தில் 11 புத்தகங்கள் காணாமல் போயின; அதில் ஒன்றோ?

இல்லை. புத்தகம் மேஜைமேல்தான் இருந்தது. அமெரிக்காவின் மேற்குப் பகுதி மாட்டுக்காரர்களைப் பற்றிய ஆங்கிலச் சிறுகதைகள். 13 கதைகள், 212 பக்கங்கள். காத்திருந்தவர் முத்துலட்சுமி. அவருடைய அப்பா சண்முகையா, வாசுதேவநல்லூர் கால்நடை மருந்தகத்தில் கம்பவுண்டராக இருந்தவர். புத்தகத்தை நன்கொடையாகக் கொடுத்தவர் அவர்தான்.

அந்த நாள் நினைவிருக்கிறது. புதிதாக வரும் புத்தகத்தின் பக்கங்களை எண்ணாமல் நான் பதிவேட்டில் ஏற்றியதில்லை. சண்முகையாவை நிற்க வைத்தே எண்ணினேன்.

"அண்ணாச்சி, 146-க்கு அடுத்து 174-ன்னு போட்டிருக்கு. தப்பா அடிச்ச புஸ்தகத்தையா தானம் குடுக்கீரு?"

"அது மொத அச்சுவே. எங்க டாக்டர் வச்சிருந்தது. சும்மா கிடைக்காது."

"எழுதுனவன் இருபது வருஷம் மாடு மேய்ச்சான்னு அட்டையில இருக்கு. முன்னுரையில துணிக்கடை குமாஸ்தாங்கான். எதை நம்ப?"

"வயிறு உப்புன மாடு எப்படிக் காலை அகட்டி நிக்கும்னு எழுதிருக்கான்வே. பக்கத்துல நின்னு பாக்காதவன் எழுத முடியாது."

"அப்போ உம்ம மாதிரி கம்பவுண்டரா இருந்திருப்பான்" என்றேன். வாசக சாலையில் இருந்த ஆறு பேரும் சிரித்தார்கள். அதற்குப் பிறகு அவர் நூலகத்துக்கு வரவில்லை.

இப்போது முத்துலட்சுமி தன் செல்போனைக் காட்டினார். பழைய புத்தகம் சேகரிக்கும் சென்னைக்காரர் ஒருவர் எழுதியிருந்தார்: முதல் அச்சில் மட்டும் 147-ஆம் பக்கத்தில் 174 என்று இருக்கும், அடுத்த அச்சில் திருத்திவிட்டார்கள்.

"சாகுற வரைக்கும் எங்க அப்பாவை ஊர்ல 'மொத அச்சு'ன்னுதான் கூப்பிட்டாக சார். கேலியா. இங்கன வந்து பாத்தா 147-ன்னு சரியாத்தான இருக்கு? அப்பா பொய்யா சொன்னாக?"

நானும் பார்த்தேன். 147. நான்கு முறை பார்த்தேன். அச்செழுத்தில் தெளிவாக 147. அப்படியானால் நான் 174 என்று அவரைக் கேலி செய்தது எதை வைத்து? இரண்டு பிரதிகள் இருந்தனவா? என் தலைதான் குழம்பிவிட்டதா?

பதிவேட்டை எடுக்கச் சொன்னேன். ஒரு பிரதிதான். குறிப்புக் கட்டத்தில் என் கையெழுத்து: 'ப. 147 சரி செய்யப்பட்டது.'

எப்படிச் சரி செய்தேன்? விரலால் தடவியபோது எண்ணின் ஓரம் மெல்லத் தட்டியது. அப்போதுதான் பிடிபட்டது. கழித்துப் போட்ட புத்தகங்களிலிருந்து எண்களை வெட்டி ஒரு தீப்பெட்டியில் வைத்திருப்பேன். பக்க எண் தவறாக இருந்தால் சரியானதை எடுத்து மேலே ஒட்டிவிடுவேன். கையால் எழுதினால் அசிங்கமாக இருக்கும் என்பது என் எண்ணம்.

பூச்சி அரிக்காமலிருக்க மயில்துத்தம் கலந்த மைதாப் பசைதான். ஈரம் பட்டால் இளகும். பஞ்சை நனைத்து வைத்தேன்.

"சார், கிழிஞ்சிட்டா?" என்றாள் செல்வி.

எனக்கும் அதே பயம். முத்துலட்சுமி மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றார். எழுபது வரை எண்ணினேன். சீட்டு நழுவியது. அடியில் 174.

அவர் படம் எடுத்தார். எண் தெளிவாக விழும்வரை மூன்று முறை எடுத்தார். "'மொத அச்சு'ன்னு கூப்பிட்டவுக ஒருத்தரையும் விடாம அனுப்புதேன்" என்று சிரித்தார். "உங்களுக்கும் அனுப்பவா சார்?"

அனுப்பச் சொன்னேன்.

நூலக வேலைக்கு வரும் இளைஞர்களுக்குச் சொல்வது ஒன்றுதான். எண்ணுங்கள், பிழை இருந்தால் பதிவேட்டில் எழுதுங்கள், புத்தகத்தில் கை வைக்காதீர்கள். 174 தவறான எண்தான். அதைத் திருத்தியதும் தவறு. இரண்டும் எப்படித் தவறாகும் என்பது எனக்கு இன்னும் முழுதாக விளங்கவில்லை.

செல்வியிடம் பேனா கேட்டேன். பதிவேட்டில் எழுத எனக்கு இப்போது அதிகாரம் இல்லை. ஆனாலும் அவள் கொடுத்தாள். என் பழைய குறிப்புக்குக் கீழே நான்கு சொற்கள் எழுதினேன்: 'நன்கொடையாளர் அன்று சொன்னது சரி.'