சாச்சாவின் போனிடம் சாச்சி கேட்ட கேள்விகள்

கல்முனையில் சரீபா சாச்சியின் வீட்டில் தினமும் காலை ஒன்பது இருபதுக்கு, மௌத்தாகி மண்ணுக்குள் போன ஒரு மனிதர் பேசுவார்.

"பத்து நிமிசம் இரிக்கி. ஒருத்தரும் அவசரப்படாதீங்க!"

அது நூஹு சாச்சாவின் குரல். சரீபா சாச்சி என் உம்மாவின் தங்கை, நூஹு சாச்சா அவருடைய புருசன். சாச்சா போய் இரண்டு மாதம் ஆகியும் குரல் போகாமல் இருந்ததற்குக் குற்றவாளி நான்தான். நான் வேலை செய்யும் போன் திருத்தும் கடைக்குப் போன வருடம் சாச்சா உறை மாற்ற வந்தார். யாரிடமோ சத்தம் போட்டுக் கதைத்துக்கொண்டிருந்தார். அதை அவருடைய போனிலேயே பதிந்து, அலாரமாக்கி, ஏழு நாளும் அடிக்கும்படி வைத்து அனுப்பிவிட்டேன். மறுநாள் நெல் ஆலையில் அவருடைய சட்டைப்பையில் இருந்து அவரே கத்தியிருக்கிறார். அடிக்க வருவார் என்று பார்த்தேன். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்துக்கொண்டு வந்தார்.

"டேய் அஸ்பாக், இது நல்லா இரிக்கிடா. கிடக்கட்டும்."

கிடந்தது.

ஒன்பது இருபதுக்குக் காரணம் உண்டு. கொழும்பில் பங்குச் சந்தை ஒன்பதரைக்குத் திறக்கும். சாச்சா நெல் ஆலையில் கணக்கப்பிள்ளை. ஆனால் ஊருக்கு அவர் பங்கு நூஹு. வாட்ஸ்அப்பில் நாற்பத்து மூன்று பேருக்கு ஒரு குழு வைத்திருந்தார். யார் என்ன கேட்டாலும் சந்தை திறக்க முன் குரல் பதிவில் பதில் வரும். எத்தனை கம்பெனியில் வாங்குவது என்று ஒருவர் கேட்டால், "எல்லா வாய்க்காலையும் ஒரு வயலுக்குத் திருப்பாதீங்க" என்பார். வங்கிப் பங்கு வாங்கலாமா என்று கேட்டால், "வட்டி ஹராம் எண்டு தெரிஞ்சிக்கிட்டு என்னட்ட ஏன் கேக்கீங்க" என்பார். மண் லொறி வைத்திருக்கும் மூத்தவர் ஷரிபுதீன் காக்கா அரை மணிக்கொரு தரம் விலை கேட்பார். அவருக்குச் சாச்சா சொன்னது எனக்கு மனப்பாடம்.

"விதைச்ச நெல்ல நீங்க ஒவ்வொரு நாளும் கிண்டிப் பாக்கிறீங்களா காக்கா? வருசத்துக்கு நாலு தரம் கம்பெனி கணக்குக் காட்டும். அதப் பாருங்க. மத்த நேரம் லொறிய ஓட்டுங்க."

இவ்வளவு தெரிந்தவர், ஒரு காலையில் பஸ் தரிப்பிடத்துக்குப் பக்கத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தார். போனின் கண்ணாடி உடைந்தது. கண்ணாடியை நான் மாற்றிக் கொடுத்தேன். மற்றதை மாற்ற யாரிடமும் சாமான் இல்லை.

சாச்சி இத்தாவுக்குள் இருந்தார், புருசன் போன பெண் இருக்க வேண்டிய துக்க காலம் அது. நான்கு மாதமும் பத்து நாளும் வெள்ளைச் சீலை, வெளியே போகக் கூடாது, அந்நிய ஆண்களுக்கு முன்னால் வரக் கூடாது. சாச்சி அதில் இன்னும் ஒரு படி கூட. அந்நிய ஆணின் காதில் தன் குரலும் விழக் கூடாது என்று வைத்துக்கொண்டார். நான் அக்கா மகன் என்பதால் எனக்கு உள்ளே போக அனுமதி. மீன்காரனுக்கு இல்லை. அவன் வாசலில் நின்று கத்துவான், நான் மீனை உள்ளே கொண்டுபோவேன். சாச்சி செவிளைத் திறந்து பார்ப்பார், முகர்ந்து பார்ப்பார். பிறகு அகப்பையால் கதவில் தட்டுவார். ஒரு தட்டு என்றால் வாங்குகிறேன். இரண்டு தட்டு என்றால் கொண்டு போ.

"ரெண்டு தட்டா? இது விடியப் பிடிச்ச மீன்!" என்று மீன்காரன் வெளியில் நின்று குமுறுவான்.

"எந்தக் கிழமை விடியவாம் எண்டு கேளுடா" என்று சாச்சி என்னிடம் மெதுவாகச் சொல்வார்.

கெட்டு மணந்த மீன் அந்த வீட்டுக்குள் ஒரு நிமிடம் நிற்காது. சாச்சா தெரியாமல் வாங்கிவந்த மீனைக்கூட, காசு கொடுத்தாயிற்று என்று பார்க்காமல் பூனைக்கு எறிந்துவிடுவார்.

அலாரத்தை நிறுத்திவிடட்டுமா என்று இரண்டு தரம் கேட்டேன். போனில் கை வைக்க விடவில்லை. ஒருநாள் மீனோடு போகும்போது ஒன்பது இருபது. "ஒருத்தரும் அவசரப்படாதீங்க!" என்று போன் கத்தியது. "ஓம், கேக்குது" என்று சாச்சி அடுப்படியில் இருந்து பதில் சொன்னார். நான் மீனை வாசற்படியிலேயே வைத்துவிட்டேன்.

அந்த மாதம் தரகர் கம்பெனியில் இருந்து ஒரு தாள் வந்தது. பங்கெல்லாம் சாச்சியின் பெயரில்தான் இருந்தன. எங்கள் பக்கத்தில் வீடும் காணியும் பெண்ணுக்குத்தானே எழுதுவார்கள். உரம் கிடைக்காமல் வயல் காய்ந்த வருடம், சவளக்கடையில் இருந்த சாச்சியின் சீதனக் காணி இரண்டு ஏக்கரைச் சாச்சா விற்றார். அந்தக் காசில்தான் பங்கு வாங்கினார். "காணி உன்ட. இதுவும் உன்ட பேர்லதான் கிடக்கணும்" என்று கையெழுத்து வாங்கினார். அதற்குப் பிறகு தரகரோடு கதைப்பதெல்லாம் அவர்தான். சாச்சி ஒருநாளும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

தாளை நான் வாசித்தேன். ஐந்து கம்பெனி. நான்கில் கொஞ்சம் கொஞ்சம். ஐந்தாவது ஒரு பீங்கான் கம்பெனி. இரண்டு ஏக்கரில் முக்கால்வாசி அதற்குள் கிடந்தது. இருபத்தெட்டு ரூபாய்க்கு வாங்கத் தொடங்கி, இறங்க இறங்க இன்னும் வாங்கியிருந்தார். இப்போது விலை பதினொன்று. சந்தை முழுக்க ஏறிய வருடத்திலும் அது மட்டும் இறங்கியது.

"அந்தப் பீங்கான்ல காணி எவ்வளவு மிஞ்சும்?" என்று சாச்சி கேட்டார். ரூபாயில் சொன்னால் அவருக்கு விளங்காது.

"முக்கா ஏக்கர் வரும்."

சாச்சி தாளை நாலாக மடித்துச் சீலைத் தலைப்பில் முடிந்துகொண்டார்.

அடுத்த கிழமை சாச்சாவின் போன் பற்றரி வீங்கி, கடைக்கு வந்தது. புதுப் பற்றரி கொழும்பில் இருந்து வரவேண்டும். அதுவரை மேசையின் இழுப்பு லாச்சிக்குள் வைத்து மின்சாரம் கொடுத்திருந்தேன். முதல் நாள் காலையில் லாச்சிக்குள் இருந்து சாச்சா கத்தினார். சிம் வாங்க வந்திருந்த ஷரிபுதீன் காக்கா கதிரையில் இருந்து எழும்பிவிட்டார்.

"நூஹுட குரல்டா அது!"

"லாச்சிக்குள்ளதான் இரிக்கார் காக்கா. விலை கேக்கணுமா?"

அவர் சிரிக்கவில்லை. அல்லாஹ்வின் பெயரில் பிஸ்மி சொல்லிக்கொண்டு, சிம்மும் வாங்காமல் போய்விட்டார். நான் நெடுநேரம் சிரித்தேன். சிரிப்பு முடியும்போது லாச்சிக்குள் இன்னொரு சத்தம். சாச்சியின் சின்னப் போனில் இருந்து சாச்சாவுக்கு ஒரு குரல் பதிவு.

"இஞ்ச பாருங்க. போன் ஊட்டுல இல்லாம சத்தம் கேக்கல்ல. அதான் இதுல கதைக்கிறன். அஞ்சு கம்பெனி எண்டு பொடியன் சொல்றான். அஞ்சு காணுமா, இல்ல இன்னும் கூட வேணுமா?"

மறுநாள் இன்னொன்று. "விழுந்த சாமானையே திரும்பத் திரும்ப வாங்கியிரிக்கீங்க. அது சரியா?" அதற்கு மறுநாள், "விக்கிறதுக்கு நேரம் காலம் இரிக்கா?"

குழுவில் நாற்பத்து மூன்று பேரும் கேட்ட அதே கேள்விகள். சாச்சா எல்லாவற்றுக்கும் பதில் சொல்லிவைத்திருந்தார். எனக்கு விரல் சும்மா இருக்காது. பழைய பதிவு ஒன்றைத் தேடி எடுத்து, சாச்சாவின் போனில் இருந்தே அனுப்பினேன்.

"விக்கிறதுக்கு நேரம் இல்ல. காரணம்தான் இரிக்கி. காசு தேவையா, கம்பெனி கெட்டுப் போய்ட்டா? முதல்ல அதச் சொல்லுங்க."

சாச்சி பயந்து கத்துவார், உம்மா எனக்குச் செருப்பால் அடிப்பார், அதோடு முடியும் என்று நினைத்தேன். பதில் வந்தது. குரல் ஆடவில்லை.

"கம்பெனி கெட்டுப் போன மாதிரித்தான் எனக்குப் படுது. பதினொண்டுக்கு நிக்கி. வித்திரட்டா?"

நான் அப்போதே போய்ச் சொல்லியிருக்க வேண்டும். பதிலாக இன்னொரு பதிவைத் தேடினேன். எல்லாக் கம்பெனியும் ஒன்றாக விழுந்து கிடந்த காலத்தில், வேறு ஏதோ ஒரு நல்ல கம்பெனியைப் பற்றி, ஷரிபுதீன் காக்காவுக்குச் சாச்சா சொன்னது.

"விழுந்த நேரம் விக்காதீங்க. பயத்துல விக்கிறவன்தான் தோக்கிறான்."

சாச்சியிடம் இருந்து ஒரு வரி வந்தது, "சரி. நீங்க சொன்னாச் சரி."

அந்த நாலு சொல்லையும் நான் ஏழெட்டுத் தரம் கேட்டேன். அதற்குப் பிறகு எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இரண்டு கிழமையில் பீங்கான் கம்பெனி காலாண்டுக் கணக்கைக் காட்டியது. நட்டம். பதினொன்று எட்டாகியது. முக்கால் ஏக்கர் அரை ஏக்கர். கம்பெனி வங்குரோத்தாகி மூடினால் வரம்புகூட மிஞ்சாது என்று குழுவில் கதைத்தார்கள்.

சாச்சா வேறு என்னதான் சொல்லியிருக்கிறார் என்று போன் முழுக்கத் தேடினேன். அப்போதுதான் கண்டேன். தன் நம்பருக்கே தான் அனுப்பிய பதிவுகள். முப்பத்தாறு. எல்லாம் சுபஹுத் தொழுகைக்குப் பிறகு, ஆறு மணிக்கு முன். காகச் சத்தம், கிணற்று வாளிச் சத்தம், பெருமூச்சு. ஒவ்வொன்றும் ஒரே கேள்வியில் தொடங்கியது.

"ஏன் நூஹு, இன்னும் விக்கல்ல?"

ஊருக்கெல்லாம் பதில் சொன்ன மனிதர் இரண்டு வருடமாகத் தன்னிடம் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். கடையில் ஆள் நின்றும் எனக்குப் பின்னால் சாச்சாவே நிற்பது போல இருந்தது. கடைசிப் பதிவு, அவர் விழுந்த கிழமையுடையது.

"எல்லா வாய்க்காலையும் ஒரு வயலுக்குத் திருப்பாதீங்க எண்டு ஊருக்குச் சொல்றன். நான் திருப்பிட்டன். சரீபாட ரெண்டு ஏக்கர் இதுக்குள்ள கிடக்கு. வித்தா நட்டம் நட்டம்தான். விக்காட்டி, இன்னும் நட்டமில்ல எண்டு சொல்லிக்கிட்டு இரிக்கலாம். சரீபாட்டக் கேட்டிருந்தா அவ முதல் நாளே எறிஞ்சிருப்பா. மணந்த மீன ஊட்டுக்குள்ள வெக்கமாட்டா. அதனாலதான் கேக்கல்ல. அஸ்பாக் கள்ளன் இந்தப் போனத் தோண்டுறவன், இதக் கேட்டாலும் கேப்பான். கேட்டா..."

வாளி கிணற்றில் விழும் சத்தம். அதோடு முடிந்துவிட்டது. கேட்டால் என்ன செய்ய வேண்டும் என்று அவர் சொல்லவில்லை.

வந்திருந்த புதுப் பற்றரியைப் போட்டு, போனை எடுத்துக்கொண்டு சாச்சி வீட்டுக்கு நடந்தேன். சாச்சி அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். சாச்சாவின் போனில் இருந்து பதில் அனுப்பியதெல்லாம் நான்தான் என்று சொன்னேன். நிமிர்ந்து பார்க்கவில்லை. கடைசிப் பதிவைப் போட்டேன். முழுவதும் கேட்டார். பிறகு அகப்பையை எடுத்துக் கதவில் தட்டினார்.

இரண்டு தட்டு.

போனை மேசையில் வைத்துவிட்டு வெளியே வந்துவிட்டேன். நான் அனுப்பியதை அவர் நம்பினாரா இல்லையா என்று இன்றுவரை சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

மறுநாள் காலை ஒன்பதே காலுக்கு மீனோடு வாசலில் நின்றேன். உள்ளே ஒரு தட்டு கேட்டது. மீனுக்கா எனக்கா என்று தெரியாமல் உள்ளே போனேன். சாச்சி வெள்ளைச் சீலையை இழுத்துப் போர்த்துக்கொண்டு போனுக்கு முன்னால் இருந்தார்.

"தரகர்ர நம்பர எடு."

"சாச்சி, இத்தாவுல அந்நிய ஆளோட..."

"தேவைக்குக் கதைக்கலாம்டா. அது எனக்கு முதல் நாளே தெரியும். நாப்பதாம் நாள் கத்தம் ஓத வந்த மவுலவியும் சொன்னார்."

"மறுகா ஏன் இவ்வளவு நாளும் கதைக்கல்ல?"

சாச்சி போனைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"எடுத்தோடன அந்தப் பொடியன் ‘நூஹு சேர் எங்க’ எண்டு கேப்பான். அதுக்குப் பதில் சொல்ல எனக்கு வாய் வரல்ல மனே."

அந்த நேரம் போன் கத்தியது. "பத்து நிமிசம் இரிக்கி. ஒருத்தரும் அவசரப்படாதீங்க!" சாச்சி அன்றைக்குப் பதில் சொல்லவில்லை. சுவர் மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டு, அந்தப் பத்து நிமிடமும் இருந்தார். ஒன்பதரைக்கு நான் நம்பரை அழுத்தினேன். சத்தமாகக் கேட்கும்படி வைத்தேன்.

"குட் மோர்னிங்! கன நாளாச் சத்தத்தையே காணல்ல. சொல்லுங்க சேர்!"

சாச்சியின் கை மேசையில் அகப்பையைத் தேடியது. அகப்பை அங்கே இல்லை.

"சேர் மௌத்தாகிட்டார் தம்பி" என்றார். வாசலில் காசுக்கு நின்ற மீன்காரன் வாயைத் திறந்தபடி நின்றுவிட்டான். இரண்டரை மாதத்தில் முதல்முறையாக அவன் அந்தக் குரலைக் கேட்டான். "நான்தான் கணக்குக்குச் சொந்தக்காரி, சரீபா. அந்தப் பீங்கான முழுக்க வித்திருங்க. என்ன விலைக்குப் போனாலும் சரி. மத்த நாலும் கிடக்கட்டும்."

அந்தப் பொடியன் மெதுவாக, அடையாள அட்டை இலக்கம் கேட்டான். சாச்சி பிழையில்லாமல் சொன்னார்.

ஏழு ரூபாய் தொண்ணூறு சதத்துக்குப் போனது. அரை ஏக்கர்தான் மிஞ்சியது. அதே விலைக்கு யார் வாங்கினார்களோ, அவர்களிடம் கேட்க எனக்கும் ஒரு கேள்வி இருந்தது: ஏன் வாங்கினீங்க?

அன்று மத்தியானம் சாச்சி தந்த மீன் கறியைத் தின்றுகொண்டிருந்தபோது, அலாரத்தை அழித்துவிடட்டுமா என்று மூன்றாவது தரமாகக் கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டுதான் கேட்டேன். சாச்சி என் சோற்றுக் கோப்பையில் இன்னொரு துண்டு வைத்தார்.

"சனி ஞாயிறுல சந்தை இல்லயே?"

"இல்ல சாச்சி."

"அப்ப என்னத்துக்கு மனிசன அந்த ரெண்டு நாளும் எழுப்புறாய்? அது ரெண்டையும் மட்டும் நிப்பாட்டு. ஓய்வெடுக்கட்டும்."

கை கழுவிவிட்டு வந்து, சொன்னபடி மாற்றிக் கொடுத்தேன்.